மெய்ப்பாடும் ஆவணமும்: ஹார்லெம் இசைவிழாப் படம் குறித்து ஒரு நோக்கு

1969ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள மவுண்ட் மாரிஸ் பூங்காவில், ஜூன் 29 தொடங்கி ஆகஸ்டு 24 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தவெளி இசைவிழா ஒன்று நடைபெற்றது. ஹார்லெம் பண்பாட்டு விழா எனப் பெயர்பெற்ற அதில் ஏறத்தாழ 300,000 பேர் கட்டணமின்றிக் கலந்துகொண்டனர். பாடகர் டோனி லாரன்ஸ் விழாவை ஒருங்கிணைத்து மேடையில் தொகுத்தும் வழங்கினார். சோல் இசை, புளூஸ், கோஸ்பல் எனப்படும் தேவாலயப் பாடல், நாட்டார் மரபையொட்டிய விடுதலைப் பாடல், கியூபத் தாள இசை, தென்னாப்பிரிக்க டிரம்பெட் இசை ஆகிய அனைத்தும் ஒரே மேடையில் ஒலித்தன. தொலைக்காட்சி இயக்குநர் ஹால் டல்சின் பதிவுசெய்த ஏறத்தாழ 40 மணிநேர ஒளிப்பதிவிலிருந்து, குவெஸ்ட்லவ் எனும் பெயரால் அறியப்படும் இசைக்கலைஞர் அமீர் தாம்ப்சன் உருவாக்கிய ஆவணப்படமே 'சம்மர் ஆஃப் சோல்'. 2021இல் வெளிவந்த இப்படம், 2022இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதினைப் பெற்றது.

இப்படத்தைப் பாராட்டியோர் பலர். அப்பாராட்டு பெரிதும் பொருத்தமானதே. எனினும், இப்படம் தன் சான்றுகளை எவ்வாறு கையாளுகிறது என்னும் வினா விரிவாக ஆராயத்தக்கது. அவ்வினாவிற்கு விடை காண, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டுக் கோட்பாட்டினை ஒரு கருவியாகக் கொள்கிறோம். செய்யுளை ஆராய வகுக்கப்பெற்ற கோட்பாடு அது. திரைப்படத்திற்கு அது முழுவதும் பொருந்தும் என்பது நம் கருத்தன்று. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுதலைக் கூர்ந்து நோக்கும் முறையை அது நமக்குத் தருகிறது. அவ்வளவே இங்கு வேண்டப்படுவது.

டல்சினின் ஒளிப்பதிவில் நம்மை முதலில் ஈர்ப்பது கூட்டத்தின் முகங்களே. விளக்குகளுக்குப் போதிய பொருள்வசதி இன்மையால், மாலை வெயில் மேடைமேல் விழுமாறு மேடை மேற்கு நோக்கி அமைக்கப்பட்டது. கருவிகள் பாடுவோரை மட்டும் பதிவுசெய்து நின்றுவிடவில்லை. கேட்போரையும் நெடுநேரம் நோக்கின. மூதாட்டியர், இளைஞர், தோள்மேல் அமர்ந்த குழந்தைகள் எனப் பல தலைமுறையினர் அருகருகே காணப்படுகின்றனர். கறுப்பின மக்களைக் கலவரக் காட்சிகளிலேயே மிகுதியும் காட்டிய அக்காலச் செய்திப் படங்களோடு ஒப்பிடுங்கால் இதன் அருமை விளங்கும்.

இம்முகங்களில் மேலோங்கி நிற்பது பெருமிதம். பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கனையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். இசைமை என்பது ஈண்டுப் புகழைக் குறிக்கும், இசைக்கலையைக் குறிப்பதன்று. பத்தொன்பது வயதினரான ஸ்டீவி வொண்டர் டிரம்ஸ் வாசிக்கும் காட்சியில் புலப்படுவது பயிற்சியால் வந்த புலமையின் பெருமிதம். நினா சிமோன் கூட்டத்தை நேர்நோக்கி வினவும் இடத்தில் வெளிப்படுவது தறுகண்மை. இனவொதுக்கலால் தாயகம் நீங்கி வாழ்ந்த ஹியூ மசக்கேலா டிரம்பெட்டை உயர்த்தும்போது, 1968இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இசைத்தட்டின் புகழும் அவரோடு மேடையேறுகிறது. ஸ்லை ஸ்டோனின் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் சிந்தியா ராபின்சன் என்னும் பெண். டிரம்ஸ் வாசித்தவர் வெள்ளையர். இக்குழுவைக் கண்டு தாம் வியந்ததை அன்று கூட்டத்திலிருந்த ஒருவர் படத்தில் நினைவுகூர்கிறார். இதனை மருட்கை எனலாம்.

பெருமிதத்தின் அடியில் வெகுளியும் அழுகையும் உள்ளன. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன வெகுளியின் நிலைக்களன்கள். இவற்றுள் ஒன்றேனும் அம்மக்கள் வரலாற்றில் இல்லாதது அன்று. 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிசில் சுட்டுக் கொல்லப்பட்டு ஓராண்டே கடந்திருந்தது. இறப்பதற்குச் சற்று முன்னர், தமக்கு விருப்பமான இறைப்பாடல் ஒன்றை அன்றிரவு இசைக்குமாறு பென் பிராஞ்ச் என்னும் இசைக்கலைஞரைக் கிங் கேட்டுக்கொண்டார். அச்செய்தியை ஜெஸ்ஸி ஜாக்சன் ஹார்லெம் மேடையில் எடுத்துரைத்தபின், அதே பாடல் அங்குப் பாடப்படுகிறது. உடல்நலம் குன்றியிருந்த மஹாலியா ஜாக்சன், இளையவரான மேவிஸ் ஸ்டேபிள்சைத் தொடங்கச் செய்து, பின்னர்த் தாமும் இணைகிறார். கிங்கின் இறுதிச் சடங்கில் இப்பாடலைப் பாடியவரும் மஹாலியாவே. மூத்தவர் குரலிலிருந்து இளையவர் குரலுக்கு மரபு கைம்மாறுவதை இங்குக் கண்ணாரக் காண்கிறோம். இழவால் பிறந்த அழுகை, பாடல் வளர வளர உரத்த எதிர்ப்பாக மாறுகிறது. எவ்விளக்கவுரையும் இதனினும் தெளிவாக அக்காலத்தை உணர்த்த இயலாது.

ஆயின், பிற இடங்கள் பலவற்றில் படம் தன் மெய்ப்பாடுகள்மேல் இந்நம்பிக்கையை வைக்கவில்லை. பாடல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதன்மேல் விளக்கக்குரல் படிகிறது. நேர்காணலும் செய்திப்படத் துணுக்குகளும் இடையிடுகின்றன. பல பாடல்களை முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. வரலாற்றுப் பின்புலம் அறியாத இளைய பார்வையாளர்க்கு விளக்கம் தேவை என்பதை ஏற்கிறோம். நிலவில் மனிதர் இறங்கிய 1969 ஜூலை 20 அன்று, அச்செலவை வறியோர்க்குப் பயன்படுத்தலாகாதா எனக் கூட்டத்தினர் வினவும் பகுதி, அத்தகைய பின்னலால் சிறப்புற்றிருப்பதும் உண்மை. ஆங்கு இரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. ஏனைய இடங்களிலோ, உரை பாடலைச் சான்றுநிலையிலிருந்து எடுத்துக்காட்டுநிலைக்குத் தாழ்த்திவிடுகிறது.

இரண்டாவதாக நாம் குறிப்பிட விழைவது, இவ்வொளிப்பதிவு ஐம்பதாண்டுகள் நிலவறையில் எவரும் காணாது கிடந்தது என்னும் படத்தின் கூற்றினை. டல்சின் இதனை விற்க முயன்றும், 'கறுப்பு உட்ஸ்டாக்' எனப் பெயரிட்டுப் பார்த்தும், முழுநீளப் படமாக்க முன்வருவோரைக் காணவில்லை; 2017இல் அவர் மறைந்தார். அதே கோடையில் நடந்த உட்ஸ்டாக் விழாவோ 1970இலேயே திரைப்படமாகி ஆஸ்கரும் வென்றது. இவ்வேறுபாடு மறுக்கவியலாதது. எனினும், ஹார்லெம் விழாவின் பகுதிகள் 1969ஆம் ஆண்டிலேயே சிபிஎஸ், ஏபிசி ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களால் ஒரு மணிநேர நிகழ்ச்சிகளாக ஒளிபரப்பப்பட்டன. நினா சிமோன் பாடிய பகுதிகள் சிலவும் இப்படத்திற்கு முன்னரே வெளிவந்துள்ளன.

இதனைச் சிறு பிழையென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. காணாமற்போன ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்னும் கதை இனிமையானது. ஆனால் அது குற்றத்தை நிலவறையின்மேல் சுமத்திவிடுகிறது. உண்மை அதனினும் கடுமையானது. இவ்விழா நாடறிய ஒளிபரப்பாயிற்று, அதன்பின்னும் மறக்கப்பட்டது. காணப்பட்டும் கருதப்படாமையே இங்கு நேர்ந்தது. இச்செய்தியைப் படம் வெளிப்படையாகச் சொல்லியிருப்பின், அதன் குற்றச்சாட்டு வலுப்பெற்றிருக்குமேயன்றிக் குறைந்திராது.

இப்படத்தை வகுப்பறையில் பயன்படுத்த விழையும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஓர் ஆவணம் இருத்தல் வேறு, அது மரபின் பகுதியாக ஏற்கப்படுதல் வேறு. பதிவுசெய்தலும் பாதுகாத்தலும் முதற்பணி. மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டுதலும், கற்பித்தலும், பாடத்திட்டத்தில் இடமளித்தலும் அதற்கடுத்த பணி. பின்னதைச் செய்யத் தவறிய சமூகத்தில், ஒளிபரப்பானதும் நிலவறையில் கிடந்ததற்கு ஒப்பாகும். குவெஸ்ட்லவின் படம் அவ்விரண்டாம் பணியைப் பேரளவில் நிறைவேற்றியிருக்கிறது. அதன் குறைகளைச் சுட்டுவது அப்பணியைத் தொடர்வதன் ஒரு பகுதியே. மாணவர்க்கு இதனைக் காட்டும்போது, விளக்கக்குரல் ஓய்ந்து முகங்கள் மட்டும் திரையில் நிற்கும் இடங்களில் சற்று நிறுத்தி, அவற்றில் தோன்றும் மெய்ப்பாடு யாது, அதன் நிலைக்களன் யாது என வினவுதல் நன்று.