சிரிக்க வைத்தவனுக்குச் சிறப்பில்லையா?

அழ வைப்பவனை ஆற்றல் மிக்க நடிகன் என்கின்றனர். அனல் கக்கப் பேசுபவனை ஒப்பற்ற நடிகன் என்கின்றனர். சிரிக்க வைப்பவனை மட்டும், "நல்ல தமாசு" என்று ஒரு சொல் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகின்றனர். ஏன் இந்த ஓரவஞ்சனை? கண்ணீருக்குக் காசோலை, புன்னகைக்குப் புறக்கணிப்பு. இது என்ன கணக்கு?

தமிழன் வகுத்த கணக்கு இதுவன்று. மெய்ப்பாடுகள் எட்டு என எண்ணிய தொல்காப்பியர், நகையைத்தான் முதலில் வைத்தார். அழுகையை அடுத்து வைத்தார். நகை பிறக்கும் இடங்களையும் நான்காகப் பகுத்தார். எள்ளுவதால் பிறக்கும் நகை ஒன்று. இளமையின் விளையாட்டால் பிறப்பது ஒன்று. பேதைமையாலும் மடமையாலும் பிறப்பவை ஏனைய இரண்டு. சிரிப்பை அத்தனை நுட்பமாக ஆராய்ந்த மொழியில், சிரிப்பு நடிகனைச் சில்லறை நடிகனாக எண்ணும் வழக்கம் எப்படி நுழைந்தது?

நம் காவிரிக் கரையில் உள்ள மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் நடக்கிறது. புராணத்தை நாம் ஏற்கவில்லை. ஆயினும் மேடை மரபைக் கவனிப்பதில் தவறில்லை. அங்கே அரசனுக்கும் முன்னதாக, ஆண்டவனுக்கும் முன்னதாக அரங்கேறுபவன் கோணங்கி! நாடகத்தைத் தொடங்கி வைப்பவன் அவன். மேடைக்கு முதல்வன், ஆனால் மாலைக்கு? அங்கேதான் மறதி வந்துவிடுகிறது.

விருதுகளின் வரலாற்றைப் புரட்டுவோம். இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் நகைச்சுவை நடிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை. 1964இல் 'சர்வர் சுந்தரம்', 1965இல் 'திருவிளையாடல்' தருமி, 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி என்று, ஒல்லியான உடலை ஓராயிரம் விதமாய் வளைத்துத் தமிழகத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தார் நாகேஷ். தேசிய விருது எப்போது வந்தது? 'நம்மவர்' படத்தில், 1994ஆம் ஆண்டுக்கு! மகளை இழந்து தவிக்கும் தந்தையாக நடித்தபோது, துணை நடிகருக்கான விருது. மன்னார்குடி மண்ணில் 1937இல் பிறந்த மனோரமா, 'ஜில் ஜில் ரமாமணி'யாக நெஞ்சில் குடியேறியது 1968இல்; துணை நடிகைக்கான தேசிய விருது கிட்டியது 'புதிய பாதை' படத்துக்காக, 1989ஆம் ஆண்டுக்கு. அதுவும் சிரிப்புக்காக அன்று. சிரிக்க வைத்த வரையில் சீந்தவில்லை. அழுது காட்டியதும் அழைத்தனர்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. அதை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று 1966இல் எடுத்தனர். நாகேஷ் ஏற்ற வேடத்தை அங்கே ஏற்றவர் மெகமூத். ஃபிலிம்ஃபேர் இதழ் நகைச்சுவை நடிப்புக்கெனப் புதிதாக ஒரு பரிசை ஏற்படுத்தி, 1967இல் முதன்முதலாக அதை மெகமூதுக்கே வழங்கியது, அந்த வேடத்துக்காகவே! மெகமூதின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை நாம். நகலுக்குப் பரிசு, மூலத்துக்குக் கைதட்டல் என்ற நிலையைத்தான் சுட்டுகிறோம். அந்தப் பரிசையும் 2007உடன் நிறுத்திவிட்டனர்.

கடல் கடந்து பார்ப்போம். அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென 1949இல் தொடங்கிய எம்மி விருதில், நகைச்சுவைத் தொடர்களில் நடிப்போர்க்குத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. முதன்மை வேடம் வேறு, துணை வேடம் வேறு. ஆண் வேறு, பெண் வேறு. 'வீப்' என்ற அரசியல் நையாண்டித் தொடரில் நடித்த ஜூலியா லூயி டிரைபஸ் 2012 முதல் 2017 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அவ்விருதைப் பெற்றார். பதவிப் பித்துப் பிடித்த அரசியல்வாதியை ஒரு பெண் நடித்துக் கிழிக்கிறாள். நாடு சிரிக்கிறது, பரிசும் தருகிறது.

இங்கே? தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் நகைச்சுவை நடிகருக்குத் தனி இடம் உண்டு. அந்த வகையில் தமிழகம் தில்லிக்கு முன்னோடி. பாராட்டுகிறோம். ஆனால் காலம்? 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்கான சின்னத்திரை விருதுகளை 2017இல் அறிவித்து, 2022 செப்டம்பர் 4ஆம் நாள் சென்னைக் கலைவாணர் அரங்கில் வழங்கினர். 2009இல் நடித்தவர் 13 ஆண்டுகள் காத்திருந்தார். விதைத்த நெல்லுக்கு விளைச்சல் மறு பருவத்தில் என்பதறிவான் டெல்டா உழவன். 13 ஆண்டு கழித்து அறுவடை என்றால் அவன் என்ன சொல்வான்?

ஆகவே, நாமே ஒரு பட்டியல் போடுவோம். சின்னத்திரையில் நகைச்சுவை நடிப்புக்கென ஐந்து பெயர்கள். தேர்வுக்கு நாம் கொண்ட சல்லடை மூன்று. ஒன்று: சிரிப்புத் துணுக்கைச் சொல்கிறாரா, மனிதன் ஒருவனைப் படைத்துக் காட்டுகிறாரா? இரண்டு: மற்றவர் பேசும்போது எப்படிக் கேட்கிறார்? நகைச்சுவையில் பாதி, கேட்பவன் முகத்தில் இருக்கிறது. மூன்று: அந்தச் சிரிப்பு யார் தலையில் விழுகிறது? வலியோன் தலையிலா, எளியோன் தலையிலா?

முதற்பெயர், எம். எஸ். பாஸ்கர். பெயரின் முதலெழுத்திலேயே முத்துப்பேட்டையைச் சுமந்திருப்பவர். சன் தொலைக்காட்சியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபியாக வந்தார். பின்னணிக் குரல் கொடுத்துப் பழகியவர் ஆதலால், குரல் அவரிடம் கைத்தறி நூல்போல் இழுத்த இழுப்புக்கு வருகிறது. ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் கோபம், இறக்கிச் சொன்னால் கெஞ்சல், இடையில் நிறுத்தினால் சிரிப்பு. பட்டாபி கோமாளி அல்லன். நம் தெருவில் நாள்தோறும் காணும் மனிதன். இதே பாஸ்கருக்குத் தேசிய விருது வந்தது 'பார்க்கிங்' படத்துக்கு, 2025இல் அறிவித்தனர். வண்டி நிறுத்தும் இடத்துக்காக வன்மம் வளர்க்கும் முதியவர் வேடம். தகுதியான விருதுதான், ஐயமில்லை. ஆனால் பட்டாபி பதினாயிரம் வீடுகளில் சிரிப்பை விளைத்தபோது, இந்தக் கலைஞரைத் தில்லி அறியவில்லையே! நாகேஷ் கதையும் மனோரமா கதையும் மூன்றாம் முறை அரங்கேறுகிறது.

இரண்டாம் பெயர், தேவதர்சினி. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரின் இரண்டாம் பகுதியில், பிருதிவிராஜுக்கு இணையாக நடித்தவர். மனைவியைப் பற்றிய துணுக்கு என்றாலே, அடங்காப்பிடாரி, நகைப்பைத்தியம், சமையல் தெரியாதவள் என்ற மூன்று அச்சுக்களில்தான் வார்ப்பது நம்மவர் வழக்கம். தேவதர்சினி அந்த அச்சை உடைத்தார். கணவனுக்குச் சரிநிகராக வழக்காடுகிறாள் ஒரு மனைவி. சில நேரம் வெல்கிறாள், சில நேரம் தோற்கிறாள், எந்நேரமும் அறிவோடு இருக்கிறாள். பெண் அறிவோடு இருந்தால் சிரிப்பு வராது என்பாருக்கு அத்தொடரே விடை.

மூன்றாம் பெயர், மனோகர். விஜய் தொலைக்காட்சியில் 2003இல் தொடங்கிய 'லொள்ளு சபா'வின் பெயரையே அடைமொழியாகப் பெற்றவர். ராம்பாலா இயக்கிய அந்நிகழ்ச்சியில் சந்தானம் புகழ் பெற்றார். திரைக்குச் சென்று பெரும்பொருளும் பெற்றார். நாம் துணை வேடத்தைத் தேர்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துள்ளல், ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு கைவீச்சு. உடலே அவருக்கு உரையாடல். அதனினும் மேலாக, அந்நிகழ்ச்சி செய்த பணி ஒன்றுண்டு. வெள்ளித்திரை நாயகன் ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துவதையும், அவன் நடந்தால் புழுதி எழுவதையும் அப்படியே எடுத்து, அரை மணி நேரத்தில் கந்தலாக்கிக் காட்டினர். கட்சிக்கொடி கட்டாமலே செய்த பகுத்தறிவுப் பணி அது. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றும் இளைஞன் ஒரு கணம் தன்னைத்தானே பார்த்துச் சிரித்தான் என்றால், அதற்கு விருதன்றி வேறென்ன விலை?

நான்காம் பெயர், வடிவேல் பாலாஜி. 2020 செப்டம்பர் 10ஆம் நாள் மறைந்துவிட்ட மதுரைக் கலைஞர். 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' என்றொரு சுற்று. சிரிக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு உட்கார்ந்திருப்பவனைச் சிரிக்க வைக்கவேண்டும். நடிகனுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு உண்டோ? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களையும் வென்றார் பாலாஜி. வடிவேலுவின் சாயலில் தொடங்கியவர், தனக்கென ஒரு வேகத்தைக் கண்டுகொண்டார். பெண் வேடமிட்ட ஆணின் உடலைக் காட்டிச் சிரிக்க வைக்கும் முறை அங்கே மலிந்திருந்தது. அது நமக்கு உடன்பாடன்று. அந்தக் குறைக்குப் பொறுப்பு எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் உண்டு. கலைஞனின் ஆற்றலை அதனால் மறுக்க இயலாது.

ஐந்தாம் பெயர், அறந்தாங்கி நிஷா. 'கலக்கப்போவது யாரு' மேடையில் வெளிச்சத்துக்கு வந்தவர். ஆண்களே ஆண்டுகொண்டிருந்த மேடையில், ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, ஊர் மொழியில், ஊர் வேகத்தில் பேசினார். தன் கறுப்பு நிறத்தைத் தானே நகைப்புக்குப் பொருளாக்கினார். எள்ளலில் இருவகை சொல்வர் உரைகாரர்: தான் பிறரை எள்ளுவது, பிறரால் தான் எள்ளப்பட்டு நகுவது. எள்ள வருபவன் வாயைத் திறக்குமுன் அவன் ஆயுதத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார் நிஷா. அது துணிவு. ஆயினும் ஒரு பெண், மேடையில் நிற்க இடம் பெறுவதற்குத் தன் தோலையே நுழைவுக் கட்டணமாகச் செலுத்தவேண்டியிருக்கிறதே! விருதை அவருக்குக் கொடுப்போம்; வெட்கத்தை நாம் வைத்துக்கொள்வோம்.

கவுண்டமணி எங்கே, வடிவேலு எங்கே என்று கேட்பீர்கள். ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் நாள் முழுதும் அவர்கள்தாமே வருகின்றனர் என்பீர்கள். வருகின்றனர், ஆனால் அவை திரைப்படத்துக்காக நடித்தவை. சின்னத்திரை அவற்றை மறுபடி ஒளிபரப்புகிறது, அவ்வளவே. பிறர் வயலில் விளைந்ததைக் களத்தில் தூற்றிவிட்டு, என் மகசூல் என்று சொல்லலாமோ?

மூன்றாவது சல்லடையை ஏன் இத்தனை வற்புறுத்துகிறோம்? நாம் ஆசிரியர் தொழில் செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சியில் ஒருவன் நிறத்தைப் பழித்துச் சொன்ன துணுக்கு, திங்கட்கிழமை காலை வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. கறுத்த பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர். பருத்த பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர். திக்கிப் பேசும் பிள்ளை வாய்திறந்தால் வகுப்பே சிரிக்கிறது. ஒலிப்பதிவு செய்த சிரிப்பொலி அங்கே இல்லை. தலை குனிந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் காட்டிய நான்கில் எள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் எளியோரை எள்ளுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டனர் நம் நிகழ்ச்சிக்காரர்கள். அறுசுவை விருந்தில் மிளகாயை மட்டும் அள்ளி வைத்த கதைதான்.

வேறு வழி இல்லையா? உண்டு, நம் மரபிலேயே உண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தார். 1949இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் மதுவின் கேட்டைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எந்த ஏழையும் அவர் சிரிப்பால் கூனிக் குறுகவில்லை. 'ரத்தக் கண்ணீர்' 1954இல் திரைக்கு வந்தது, எம். ஆர். ராதாவின் கிண்டல், பணத்திமிரையும் போலிப் பெருமையையும் பிய்த்து எறிந்தது. அவருக்கு ஆட்சியாளர் அளித்த பரிசு என்ன தெரியுமா? அதே 1954இல் சென்னை மாநிலத்தில் வந்த நாடகச் சட்டம்! அதன் குறி ராதாவின் நாடகங்களே என்பது நாடறிந்த செய்தி. சிரிப்புக்கு ஆற்றல் இல்லை என்போர், ஓர் அரசாங்கமே அதற்கு அஞ்சிச் சட்டம் செய்ததை நினைத்துப் பார்க்கட்டும்.

அஞ்சத்தக்க ஆற்றல், போற்றத்தக்க ஆற்றலும் அன்றோ? ஆகவே கேட்கிறோம்: தேசிய விருதுகளில் நகைச்சுவை நடிப்புக்குத் தனிப் பிரிவு வேண்டும். சின்னத்திரை விருதுகளை அந்தந்த ஆண்டிலேயே வழங்கவேண்டும். தேர்வுக் குழுவினர், எத்தனை பேர் சிரித்தனர் என்பதோடு, யாரைப் பார்த்துச் சிரித்தனர் என்பதையும் மதிப்பெண்ணாகக் கொள்ளவேண்டும்.

தோழர்களே! நம் பட்டியல் முடிந்த முடிபன்று. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் கூடுங்கள். உங்கள் ஐவரை எழுதுங்கள். நாம் சொன்ன பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் போட்டாலும் மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தலை குனிந்தவர் யாரேனும் உண்டா என்பதையும் எழுதுங்கள். காரணம் கேட்கும் பழக்கம் கோயில் வாசலில் மட்டுமன்று, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னாலும் தேவை.