ஏழு நாளில் சேர்ந்து வாசிக்க வராது

கர்நாடகக் கச்சேரிக்கு ஒத்திகை கிடையாது, பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் மேடையில்தான் சந்திக்கிறார்கள், அப்படியிருக்க மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் குழுவாக வாசிக்க ஏழு நாள் தாராளம் என்று ஒரு வாதம் உலவுகிறது. கடலோர ஊரொன்றில் ஒரு வாரம் தங்க வைத்துச் சேர்ந்து வாசிக்கப் பழக்கும் முகாம்களுக்குப் பரிந்து பேசுகிறவர்களின் வாதம் இது. பெங்களூரின் மர்பி டவுன், அல்சூர் பக்கத்தில் பிள்ளைக்கு வயலின் சொல்லிக் கொடுக்கும் தமிழ்ப் பெற்றோரும் இதை நம்பிவிடுகிறார்கள். வாதத்தின் முன்பாதி உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவு முழுத் தவறு.

முகாம்களால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிரினிட்டி கிரேடு, ராயல் ஸ்கூல் கிரேடு என்று தேர்வுக்காகத் தனியறையில் வாசித்து வளரும் பிள்ளை, தன் பகுதி ஒரு பெரிய கட்டடத்தின் ஒரு தூண் மட்டுமே என்பதை அங்கேதான் முதன்முதலாக உணர்கிறது. ஹைடனின் நால்வர் இசையை உள்ளேயிருந்து கேட்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பிரஷ்யா கோவ் என்ற இடத்தில் வயலின் மேதை ஷாந்தோர் வேக் 1972இல் தொடங்கிவைத்த பயிலரங்கு எத்தனையோ இளைஞர்களைச் செதுக்கியிருக்கிறது. நல்ல ஆசிரியர் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் பலன் உண்டு.

ஆனால் கச்சேரி உதாரணம் இந்த முகாம்களுக்குத் துணை வராது. மிருதங்கக்காரர் ஒத்திகையில்லாமல் மேடையேறுகிறார் என்றால், அந்த ஒத்திகை இருபது வருடமாக நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கீதமும் வர்ணமும் மேடையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. எந்தக் கீர்த்தனைக்கு எங்கே எடுப்பு, எந்தச் சங்கதியில் பாடகர் நிற்பார், அனுபல்லவி எங்கே மேலேறும் என்பதெல்லாம் அவர் நூறு முறை கேட்டுக் கையில் ஏற்றிக்கொண்டவை. தவிர, அந்த மேடையில் தலைமை ஒருவருக்குத்தான். பாடகர் முடிவு செய்கிறார், மற்றவர்கள் தொடர்கிறார்கள். நால்வர் குழுவிலோ தலைமை நிலையாக ஒருவரிடம் நிற்பதில்லை. இந்த வரியில் முதல் வயலினிடம் இருந்தால் அடுத்த வரியில் வயோலாவிடம், அதற்கடுத்து செல்லோவிடம். அது கைமாறும் கணத்தை நால்வரும் ஒருசேர உணர வேண்டும். அந்த உணர்வைத் தாளில் எழுதி வைக்க முடியாது.

என் நெடுநாள் ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வார முகாம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் பாட்டுத் தாள் கைக்கு வருகிறது. கடைசி நாள் மாலை மேடை, பெற்றோர், கைதட்டல், புகைப்படம். அந்த மேடை வாரம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. வில் இங்கே மேலேறட்டும், அங்கே இறங்கட்டும், இந்த இடத்தில் வேகத்தைக் குறை, இந்த நான்கு சுரத்தை மெதுவாக வாசி என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது, கச்சேரிக்கு இன்னும் இரண்டு நாள்தானே இருக்கிறது. ஆனால் எந்த வேகம் சரி என்று நால்வரும் வாதிட்டு, வாசித்துப் பார்த்து, தோற்று, மறுபடி வாசித்துக் கண்டடைய வேண்டிய முடிவு, அவர்களுக்கு வெளியிலிருந்து வந்துவிடுகிறது. கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைக்குக் கேட்கும் பழக்கம் கைவருவதில்லை.

சுருதியை எடுத்துக்கொள்வோம். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் மூன்று பேர் ஒன்றாக வாசிக்கும்போது, பியானோவில் உள்ள காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு, தணித்து வாசித்தால்தான் அந்தச் சேர்க்கை அலைபாயாமல் நிற்கும். அடுத்த நொடியே அந்தக் காந்தாரம் மத்திமத்தை நோக்கி மெட்டாக நகர்ந்தால், அதைச் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக் காது கேட்கும். ஒரே விரல், ஒரே தந்தி, எதிரெதிரான இரண்டு கட்டளைகள். எந்த இடத்தில் எதற்குப் பணிவது என்பதை எந்த ஆசிரியரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அடியில் செல்லோ எந்தச் சுரத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். அதே செல்லோக்காரருடன் மாதக்கணக்கில் உட்கார்ந்த காதுக்குத்தான் அது பிடிபடும். புதன்கிழமை அறிமுகமானவருடன் சனிக்கிழமை பிடிபடாது.

நம்மிடமே சான்று இருக்கிறது. வி.எஸ். நரசிம்மன் கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஒத்திசைவில் அமைத்து வாசிக்க உருவாக்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டைக் கேட்டவர்கள் அந்த ஒருமையை மறக்கமாட்டார்கள். அவர் இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். அந்த ஒருமை சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில், நாள் தவறாமல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த வாழ்க்கையில் விளைந்தது. அகில இந்திய வானொலி 1952இல் தொடங்கிய வாத்திய விருந்தாவில் எந்தக் குறை சொன்னாலும், மாதச் சம்பளம் கொடுத்துக் கலைஞர்களை ஒரே கூடத்தில் தொடர்ந்து உட்கார வைத்தது என்ற ஒன்றை மறுக்க முடியாது. மேற்கிலும் இதை அறிந்தவர்கள் உண்டு. 1951இல் அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் ருடால்ஃப் செர்கின் முதலானோர் தொடங்கிய மார்ல்பரோவில் கோடைக்காலம் ஏழு வாரம் நீளும். மூத்த கலைஞர்களும் இளைஞர்களும் ஒரே குழுவில் வாசிப்பார்கள். பயிலும் படைப்புகளில் பல மேடை ஏறுவதே இல்லை. கனியாதது கச்சேரிக்குப் போகாது என்ற அந்த ஒரு விதிதான் மார்ல்பரோவின் உயிர். நம் முகாம்கள் மேற்கிலிருந்து கடற்காற்றையும் கடைசி நாள் கச்சேரியையும் இறக்குமதி செய்துவிட்டு, இந்த விதியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டன.

முகாம் ஒரு தூண்டுதல்தானே, வீடு திரும்பித் தொடரலாமே என்பார்கள். யாரோடு தொடர்வது? ஒரு பிள்ளை பெங்களூர், இன்னொன்று மும்பை, மூன்றாவது கொச்சி, நான்காவது சென்னை. கைதட்டல் ஓய்ந்ததும் அந்த நால்வர் குழு செத்துப்போகிறது. பிள்ளை மறுபடி தனியறைக்கும் கிரேடு தேர்வுக்கும் திரும்புகிறது. இதைக் குழு இசைக் கல்வி என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியாது. இதற்குக் கட்டணமும் பயணச் செலவும் கொடுத்து, ஒரு வாரம் துணைக்குப் போக வேலையில் விடுப்பும் எடுக்கக்கூடிய வீடுகள் மர்பி டவுனில் எத்தனை?

அதே பகுதியில் சேர்ந்து பாடும், சேர்ந்து வாசிக்கும் பழக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. கண்டோன்மென்ட் காலத்திலிருந்து ராணுவ பேண்டு இசை கேட்டு வளர்ந்த மண் இது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. தமிழ்த் தேவாலயங்களின் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பாடுகிறவர்கள் வாராவாரம் அதே பெஞ்சில், அதே ஆட்களோடு உட்கார்கிறார்கள். அவர்களின் குரலில் பிசிறு இருக்கலாம். பக்கத்துக் குரலுக்கு இடம் விடும் பண்பு அவர்களுக்கு இருக்கிறது, ஒரு வார முகாமில் தேறிய பல குழுக்களிடம் அது இல்லை. சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை இலவசமாகப் பழக்கி ஒரு வாத்தியக் குழுவாக ஆக்கியது. 1987 முதல் நடந்துவரும் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கும் தன் மாணவர்களை அதே ஊரில், அதே கூடத்தில், ஆண்டு முழுவதும் பழக்குகிறது. செலவழிக்க வேண்டிய பாதை இதுதான்.

ஆகவே முகாம் நடத்துகிறவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். முதலில், கடைசி நாள் கச்சேரியை நிறுத்துங்கள். கச்சேரி இல்லாத ஒரு வாரம் நேர்மையான வாரமாக இருக்கும், பிள்ளைகளும் முதல்முறையாக ஒருவரையொருவர் கேட்பார்கள். அடுத்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கிக் கூட்டாதீர்கள். ஒரே பேட்டையில் வாழும், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சந்திக்கக்கூடிய நான்கு பேரைச் சேர்த்து அழையுங்கள். இந்த இரண்டையும் ஏற்க மனமில்லாவிட்டால், நீங்கள் நடத்துவது இசை கலந்த ஒரு நல்ல சுற்றுலா. அதை அந்தப் பெயரிலேயே பெற்றோருக்குச் சொல்லுங்கள், அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு அந்த உண்மையாவது கிடைக்கட்டும்.