ஐம்பத்தைந்து மைல் சட்டம்

வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்திப் பண்டத்தைச் சேமிக்க அமெரிக்க சர்க்கார் முனைந்த கதையைப் பெட்ரோலிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அதன் வேர் ரப்பரில் இருக்கிறது. 1942-ஆம் வருஷத் தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமாகி, நம் தமிழ்த் தொழிலாளர் காடழித்து மரம் நட்டுப் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் நேச நாடுகளுக்கு ஒரேயடியாக இல்லாமற் போன சமயத்தில், இருக்கிற டயர் தேயாமல் காப்பதைத் தவிர வேறு மார்க்கம் காணாத அந்தச் சர்க்கார், மணிக்கு 35 மைலுக்கு மேல் எவரும் கார் ஓட்டலாகாது என்று கட்டளையிட்டது. அந்த வருஷ முடிவில் தேசமெங்கும் அமலான பெட்ரோல் பங்கீடுகூடப் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக அல்ல, கார்கள் ஓடாமலிருந்தால் டயர் மிஞ்சுமே என்பதற்காகத்தான். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், என்றாலும் இன்ன பண்டத்துக்காக, இன்ன காலம்வரை என்பது அவர்களுக்கு ஸ்பஷ்டமாகத் தெரிந்திருந்தது. யுத்தம் முடிந்தது, கட்டளையும் போயிற்று.

அந்தத் தெளிவு 1974-இல் பிறந்த சட்டத்துக்கு வாய்க்கவில்லை. முந்தைய அக்டோபரில் மேற்காசியாவில் யுத்தம் மூண்டு, இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதில்லையென்று அரபு நாடுகள் கதவடைத்ததன் விளைவாக, ஜனாதிபதி நிக்சன் 1974 ஜனவரி 2-ஆம் தேதி கையெழுத்திட்ட அச்சட்டம், தேசத்தின் எந்த நெடுஞ்சாலையிலும் மணிக்கு 55 மைலே, அதாவது சுமார் 88 கிலோமீட்டரே, உச்ச வேகம் என்றது. சாலையில் வேகத்தை நிர்ணயிப்பது மாநிலங்களின் அதிகாரம். ஆகவே மத்திய சர்க்கார் நேரடியாக ஆணையிடாமல், இணங்காத மாநிலத்துக்குச் சாலை மானியம் கிடையாது என்று பணப்பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பகலில் வேக வரம்பென்று ஓர் எண்ணே வைத்திராத மான்டானாவும் நெவாடாவும்கூடப் பணிந்தன. விசித்திரம் என்னவென்றால், எல்லா மாநிலங்களும் இணங்கி முடித்த அதே மார்ச் மாதத்தில் அரபு நாடுகள் தடையை விலக்கிக்கொண்டன. காரணம் போய்விட்டது, காரியம் மட்டும் நின்றது. மறு ஜனவரியில் சட்டம் நிரந்தரமாக்கப்பட்டு, 1995 நவம்பர்வரை, ஏறத்தாழ இருபத்திரண்டு வருஷம், உயிரோடிருந்தது.

இச்சட்டத்தைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் அதன் அடிப்படையான பௌதிக உண்மையில் பழுதொன்றும் இல்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அதற்காக நடத்துநரிடம் வசவும் வாங்கிய எவரும் இதை அனுபவத்தில் அறிவார்: முப்பது மைல் வேகத்தில் விரல்களை வருடிச் செல்கிற காற்று, அறுபது மைலில் முழங்கையையே பின்னுக்குத் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது கணக்கு. எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கினால், ஒவ்வொரு மைலுக்கும் காற்றைக் கிழிப்பதற்கென்று செலவாகும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். டயரின் உராய்வும் எஞ்சினுக்குள்ளேயே விரயமாகும் உஷ்ணமும் அவ்விதம் குறைவதில்லையாதலால் பெட்ரோல் அதே விகிதத்தில் மிஞ்சாது. எனினும், ஐம்பது மைலுக்கு மேல் போகப்போக ஒவ்வொரு பத்து மைல் வேகத்துக்கும் வண்டியின் மைலேஜில் எட்டில் அல்லது ஏழில் ஒரு பங்கு கரைகிறது என்பது கார்களை ஓட்டிப் பார்த்தே கண்ட உண்மை. அன்றியும், இதற்குப் புதிய யந்திரம் வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம். பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் மறுநாள் காலையிலேயே பலிக்கத் தொடங்கும். விலையை ஏற்றிச் சிக்கனம் கற்பித்தால் ஏழை வீட்டிலே தங்கிவிடுவான், தனவான் போய்க்கொண்டே இருப்பான். வேக வரம்போ இருவரையும் ஒரே பாதையில் ஒரே கதியில் போகவைக்கிறது. என் அபிப்பிராயத்தில் இந்தச் சமத்துவமே இம்முறையின் மெய்யான சிறப்பு.

அப்படியானால் பலன் மலையளவு இருந்திருக்க வேண்டாமா? பத்து வருஷ அனுபவத்தை அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று 1984-இல் நிறுத்துப் பார்த்தபோது, சாலைகளில் எரிந்த எண்ணெயில் இச்சட்டம் மிச்சப்படுத்தியது நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற அளவில்தான் தேறியது. தனி வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் தேசக் கணக்கில் ஆவியாகிப் போனதில் மர்மம் ஒன்றுமில்லை. கார்கள் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயும், வேகம் எழுபதைத் தொடவே முடியாத சாலைகளிலும் கழிகிறது. மீதியிலும், ஓட்டுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் சட்டத்தை மறந்துகொண்டே வந்தார்கள்.

அவர்கள் மறந்ததற்கும் ஒரு நியாயம் உண்டு. 1974-இல் ஒருவர் 300 மைல் பிரயாணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுபது மைலில் போனால் 4 மணி 17 நிமிஷம். ஐம்பத்தைந்தில் போனால் 5 மணி 27 நிமிஷம். எழுபதில் காலனுக்கு 16 மைல் கொடுக்கிற கார் ஐம்பத்தைந்தில் 20 மைல் கொடுக்கிறதென்று தாராளமாகவே எண்ணினாலும், மிஞ்சுவது மூன்றே முக்கால் காலன். அவ்வருஷத்துச் சராசரி விலையான 53 சென்ட் வீதம், இரண்டு டாலர். எழுபது நிமிஷத்தைக் கொடுத்து இரண்டு டாலர் வாங்குகிறார். அவ்வருஷம் மே மாதம் முதல் அந்நாட்டில் மணிக்குக் குறைந்தபட்சக் கூலியே இரண்டு டாலர்! காரில் மனைவி மக்களும் இருந்தால் அத்தனை பேருடைய எழுபது நிமிஷங்களும் செலவுக் கணக்கில்தான் சேரும். ஜனங்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்காவிட்டாலும் மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கணக்குச் சமாதான காலத்துக்கே செல்லும். தடை அமலிலிருந்த மாதங்களில் பம்பில் விற்ற விலை சர்க்கார் கட்டுப்படுத்திய விலை. பண்டத்தின் உண்மையான அருமை அந்த 53 சென்ட்டில் தெரியவில்லை, பங்க் வாசலில் காத்துக்கிடந்த கார்களின் வரிசையில் தெரிந்தது. அந்த வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றவனுக்கு, சாலையில் எழுபது நிமிஷம் கூடுதலாகச் செலவழித்து ஊரிலுள்ள எல்லோருடைய வரிசையையும் சற்றுச் சுருக்குவது நஷ்டமான வியாபாரம் அல்ல. ஆக, 1974 பிப்ரவரியில் நியாயமாயிருந்த அதே சட்டம் பின்னாளில், அதில் ஓர் எழுத்தும் மாறாமலே, அநியாயமாகத் தோன்றலாயிற்று.

பாரம் எல்லோர் தோளிலும் ஒரே அளவாக இறங்கவும் இல்லை; மேலே நான் மெச்சிய சமத்துவத்திலிருந்து இதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஓடிய மைலுக்கு இவ்வளவென்று கூலி வாங்கும் லாரிக்காரருக்கு வேகக் குறைப்பு என்பது நேரான கூலிக் குறைப்பு. 1973 டிசம்பரிலேயே அவர்கள் சாலைகளை மறித்தார்கள், பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு, மறிப்பதைவிட ஏய்ப்பது சுலபம் என்று கண்டு, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிற்றலை ரேடியோவில், அடுத்த வளைவில் "கரடி" நிற்கிறதென்று எச்சரித்துக்கொண்டே போனார்கள். கரடி என்றது போலீஸ்காரரை. காட்டுத்தீ விளம்பரத்தில் வரும் கரடியின் தொப்பியும் அவர்கள் தொப்பியும் ஒரே ஜாடை. மான்டானாவில் சட்டமே கண்ணைச் சிமிட்டியது: ஐம்பத்தைந்தைப் பகலில் மீறினால் குற்றம் வேகம் அல்ல, எரிபொருளை விரயம் செய்தது; அபராதம் 5 டாலர்; லைசென்ஸில் ஒரு கரும்புள்ளியும் விழாது. ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தூரம் கிடக்கிற அச்சீமையில் அது அபராதமா, சுங்கமா என்று சொல்வது கடினம்.

வேறொரு காட்சி எனக்கு இதைவிடச் சுவையானது. 1970-களின் கடைசியில் போட்ட விதி ஒன்றின்படி, புதிய கார்களின் வேகமானி 85 மைலோடு முடிய வேண்டும். அதில் 55 மட்டும் தனித்துத் தெரியும்படி இருக்க வேண்டும். நூறு மைலுக்கு மேலும் ஓட வல்ல கார், அதன் முகத்திலே 85-இல் முட்டிக்கொண்டு நிற்கிற முள். எண்ணை மறைத்தால் ஆசையும் மறையும் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ! சில வருஷங்களில் விதியைக் கைவிட்டார்கள். வண்டிகள் அந்த முகத்தோடேயே நெடுநாள் திரிந்தன.

இனி உயிர்களின் விஷயம். 1973-இல் சுமார் 54,000 பேரைப் பலிகொண்ட அமெரிக்கச் சாலைகள் 1974-இல் சுமார் 45,000 பேரைப் பலிகொண்டன. இந்தக் குறைவு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் வரவு வைப்பது தவறு. அவ்வருஷம் ஜனங்கள் பிரயாணத்தையே குறைத்துக்கொண்டார்கள். என்றாலும் முன்சொன்ன குழு, பத்து வருஷம் கழித்தும் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்களை இச்சட்டம் காத்துவந்ததென்று மதிப்பிட்டது. கூடவே, அதற்கு ஈடாக ஜனங்கள் சாலையில் கழித்த கூடுதல் நேரம் வருஷத்துக்குச் சுமார் நூறு கோடி மணி என்றும் எழுதி வைத்தது. எண்ணெய்க்காகப் பிறந்த சட்டம் எண்ணெயில் சொற்பமும் உயிரில் கணிசமும் ஈட்டியது. அன்றே சர்க்கார் சபையில் எழுந்து, இது இனிமேல் உயிர் காக்கும் சட்டம் என்று சொல்லி, ஒவ்வொரு சாலைக்கும் தகுந்த வேகத்தை விவாதித்திருக்கலாம். கைகாட்டியும் குறுக்குச் சந்தியும் இல்லாமல் இரு திசைகளையும் பிரித்துக் கட்டிய பெருஞ்சாலைக்கும், எதிரும் புதிருமாக லாரிகள் உரசிப்போகிற கிராமச் சாலைக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? அவ்விவாதத்தைச் செய்யாமல், ஆதரிப்பவர் உயிரைப் பேச, எதிர்ப்பவர் பெட்ரோலைப் பேச, வழக்கு இருபது வருஷம் இழுத்தது. 1987-இல் ஊர்ப்புறப் பெருஞ்சாலைகளில் 65 மைல்வரை அனுமதி வந்தது. 1995-இல் எல்லாம் போயிற்று. போன பிறகு பத்து வருஷத்தில் வேக உயர்வால் மாத்திரம் சுமார் 12,500 பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆராய்ச்சி கணித்தது. மோசமாக வாதாடப்பட்ட வழக்கில் நல்ல கட்சிக்காரனும் தோற்பான் அல்லவா?

எண்ணெயை உண்மையில் மிச்சப்படுத்தியது, 1975 டிசம்பரில் சந்தடியில்லாமல் வந்த வேறொரு சட்டம். விற்கிற புதுக் கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் காலனுக்கு 27.5 மைலை எட்ட வேண்டும் என்று அது கம்பெனிகளைக் கட்டியது. அது அக்காலத்துக் கார்கள் கொடுத்ததைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதற்குக் கரடியும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். ஓட்டுகிறவன் அறியாமலே அது வேலை செய்தது. ஆனால் பழைய கார் செத்துப் புதுக் கார் வர வருஷங்களாகும். நாளைக்கே எண்ணெய் நின்றுவிட்டால் அது உதவாது. வேகக் குறைப்புக்கு நான் இடம் கொடுப்பது அந்த இடைவெளியில் மாத்திரமே.

அவ்வகையில் எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்பெயின். 2011-இல் லிபியாவில் கலகம் மூண்டு எண்ணெய் விலை ஏறியபோது, அந்நாட்டு சர்க்கார் மார்ச் 7-ஆம் தேதி முதல் பெருஞ்சாலை வேகத்தை 120 கிலோமீட்டரிலிருந்து 110-க்கு இறக்கியது. பலகைகளைப் பிடுங்கவில்லை, ஆயிரக்கணக்கான பலகைகளில் 120 என்ற எண்ணின்மேல் 110 என்ற ஸ்டிக்கரை ஒட்டினார்கள். ஊரே சிரித்தது. ஜூலை 1-ஆம் தேதி அதே ஆட்கள் அதே ஏணிகளில் ஏறி அவற்றை உரித்தெடுத்தார்கள்.