எழுத்தும் மொழியும் ஒன்றல்ல: தேடுபொறியின் பதப்பிரிப்பு குறித்து

பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தோற்றுவித்த தி.சு. அவினாசிலிங்கமும், அங்கு ஆசிரியப் பணியாற்றிய பெ. தூரனும் தமிழுலகிற்கு வழங்கிய பெருங்கொடை, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம். அதில் ஒரு பொருளைத் தேடுவோர், பதிப்பாசிரியர் தேர்ந்து அகரவரிசையில் நிறுத்திய தலைச்சொல்லின் வழியே செல்வர். எது தலைச்சொல் என முடிவு செய்தவர் மொழியறிந்த மனிதர். இன்று கணினியில் ஏற்றப்படும் நூல்களில் அம்முடிவை நிரல் எடுக்கிறது. அது பிழைபட்டால் நூல் இருந்தும் இல்லாததாகிவிடும் என்பதே நம் கவலை.

தேடுபொறி ஒவ்வொரு முறையும் நூல் முழுவதையும் படிப்பதில்லை. முன்னரே நூலைச் சொற்களாகப் பிரித்து, அவை வரும் இடங்களைக் குறித்துவைத்த அட்டவணையையே அது புரட்டுகிறது. ஆங்கிலத்திற்குச் சொற்களிடையே உள்ள வெற்றிடம் பெரும்பாலும் போதிய எல்லை. தமிழுக்கு அது போதாது. 'குர்ஆனிலிருந்து' என்பது அவ்வாறே அட்டவணையேறினால் 'குர்ஆன்' எனத் தேடுவோர்க்கு அகப்படாது. சீறாப்புராணம் போன்ற காப்பியங்களைச் சீர் பிரித்து அச்சிடுகையில், வெற்றிடம் யாப்பின் எல்லையைக் காட்டுமேயன்றிச் சொல்லின் எல்லையைக் காட்டாது. இதனினும் கொடிது ஒன்றுண்டு. பைத்தான் நிரல்மொழியோடு வரும் வழக்கமான தேடற்கருவி, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கருதுவதில்லை. அதன் கையில் 'தமிழ்' என்னும் சொல்லே 'தம', 'ழ' என இரு துண்டாகும். யூனிகோடு வகுத்த சொல்லெல்லை விதி இப்பிழையைத் தவிர்க்கிறது. ஆயினும் விகுதியையும் புணர்ச்சியையும் அது அறியாது.

பன்மொழி நூல்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் தீர்வு, வரிவடிவத்தைக் கண்டு மொழியைத் துணிந்து, அம்மொழிக்குரிய விதியால் பிரித்தல். முஸ்லிம் தமிழ் இலக்கியத்தில் இது இருபுறமும் தோற்கிறது.

முதலாவது, தமிழ் வரிவடிவில் வரும் அரபுச் சொற்கள். அரபியில் இரு சொற்களாக எழுதப்படுவது தமிழில் 'பிஸ்மில்லாஹ்' என ஒன்றாகிறது. 'அல்' என்னும் அரபு முன்னொட்டை நீக்கும் விதி 'அல்ஹதீஸ்' என்பதற்குப் பொருந்தும். அதே விதி 'அல்லி'யைச் சிதைக்கும். முஹம்மது, முகம்மது, முகமது என்னும் வடிவங்கள் மூன்றும் இயந்திரத்திற்கு மூன்று வேறு சொற்கள்.

இரண்டாவது, அரபு வரிவடிவில் வரும் தமிழ், அதாவது அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் எழுதிய அந்நூல்களை அரபு விதியால் பிரித்தால் நேர்வது யாது? அரபியில் சொல்முதல் 'வாவ்' பலவிடத்து 'உம்' எனப் பொருள்படும் இடைச்சொல்லாதலின், அரபுச் சொற்பகுப்பிகள் அதனைக் களைவது வழக்கம். அரபுத்தமிழிலோ அது தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தான வகரம். 'வணக்கம்' தலையிழந்து நிற்கும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. மூலவடிவம் அழியாமல் அட்டவணையில் நிற்க வேண்டும். பிரித்த வடிவம் அதனருகே கூடுதலாக இடம்பெற வேண்டும். மொழி எதுவென நூலைப் பதிவோரே குறித்தல் வேண்டும். நம் நூல்களில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களின் வடிவவேறுபாடுகளைத் தொகுத்த சொற்பட்டியல் ஒன்று வேண்டும். முதலிரண்டும் பொறியாளர் பணி. மூன்றாவதை ஆலிம்களும் தமிழறிஞர்களும் கூடியமர்ந்தாலன்றி எவராலும் செய்ய இயலாது. ஏடுகளைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றியதோடு கடமை முடிந்ததென எண்ணுவோர், பூட்டிய பெட்டியைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வோரை ஒப்பர். திறவுகோலையும் சேர்த்தளிப்பதே முறையாகும்.