ஹெரால்டின் முன்சக்கரம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவுக்கு வரும். 1961 முதல் சென்னையில் தயாரான கார். 1962-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதன் சொந்தத் தங்கை. இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. முன்பக்கச் சஸ்பென்ஷனும் ஒரே அமைப்புதான்.

பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டைகள் தொய்ந்தால் நம் பட்டறைக்காரருக்கு அது பழகிய வேலை. நுட்பமெல்லாம் முன்னால். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையாக இறங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த மரையிலேயே சுழல்கிறது. எத்தனை அழகான எளிமை! ஆனால் அதற்கு கிரீஸ் ஆகாது, 90 கியர் ஆயில்தான் வேண்டும். எண்ணெய் வற்றித் தண்ணீர் புகுந்தால் தண்டு துருப்பிடித்து முறியும், சக்கரம் மடங்கிவிடும்.

தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றும்போது நான் மிகவும் ரசிப்பது கடைசிக் கட்டத்தை. நல்ல மெக்கானிக் ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கமாட்டார். வண்டியை இறக்கி, எடை முழுதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்குவார். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

வீட்டில் ஹெரால்டு வைத்திருப்பவர்களே, அடுத்த சர்வீஸில் டிரன்னியனுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.