கண்ணைத் திருத்திய படங்கள்

அறிவியல் ஒளிப்படங்களில் எவை நினைவில் தங்குகின்றன என்று கேட்டால் ‘அழகானவை’ என்ற விடை சுலபமாக வந்துவிடும். பேர்பெற்ற படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்த விடை நிற்காது. 1895 டிசம்பரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எடுத்த, மோதிரத்தோடு தெரியும் அவர் மனைவியின் கையெலும்புப் படம் மங்கலானது. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த ‘படம் 51’இல் தெரிவதெல்லாம் குறுக்குமறுக்காக வெட்டிக்கொள்ளும் கரும்பட்டைகள்தாம், டிஎன்ஏ ஒரு திருகுச்சுருள் என்பதற்கு அவையே வலுவான சான்று. 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு படப்புள்ளியைக்கூட நிரப்பவில்லை. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளைப் படமோ மெதுவடையை நினைவூட்டும் ஒரு மங்கிய வளையம். இவற்றைவிடக் கூர்மையும் வண்ணமும் மிக்க படங்கள் ஆண்டுதோறும் ஏராளமாக வருகின்றன, போகின்றன. என் வாதம் இது: ஒன்றை நாம் எப்படிப் பார்த்துப் பழகியிருந்தோமோ அந்தப் பார்வையைத் திருத்துகிற படமே மனத்தில் தங்குகிறது. திருத்தம் என்றால் அதற்கு முன்னால் ஒரு நம்பிக்கையோ கேள்வியோ இருந்திருக்க வேண்டும். அது தெரியாதவருக்கு அந்தப் படம் வெறும் வடிவம்தான்.

பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம், முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் நீண்டு அந்தரத்தில் மிதப்பதாக வரைந்துவந்தார்கள். 1821இல் ஜெரிக்கோ வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களில் குதிரை மோதிச் செல்லச்செல்ல ஒவ்வொரு கேமராவும் ஒரு படம் எடுத்தது. நான்கு குளம்புகளும் தரையை விடுகிற கணம் உண்டு என்பது உறுதியானது. ஆனால் கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கிக் கூடும்போதுதான் அது நிகழ்கிறது. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் அனுபவம் இன்னும் நுட்பமானது. துளி விழுந்து சிதறுவதை 1870களிலிருந்து ஆராய்ந்துவந்த அவர், இருட்டறையில் மின்பொறி வெட்டும் கணத்தில் கண்ணில் பதிந்ததைக் காகிதத்தில் வரைந்தார். அவர் பதிப்பித்த சிதறல்கள் எல்லாம் ஒழுங்கான கிரீடங்கள். முனைகள் ஒரே உயரம், ஒரே இடைவெளி. 1894இல் சிதறலை ஒளிப்படமாகவே எடுக்க முடிந்தபோது முனைகள் ஏறியிறங்கி, ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. பழைய ஏடுகளைப் புரட்டினால், கோணல்மாணலான சிதறல்களையும் அவர் கை முன்பே வரைந்திருந்தது. அவற்றைப் பிழையென்று ஒதுக்கிவிட்டு ஒழுங்கானவற்றை மட்டும் இயற்கை என்று அவரே தேர்ந்திருந்தார். இருவர் விஷயத்திலும் படம் புதிய பொருளெதையும் காட்டவில்லை. தினமும் பார்த்ததையே வேறாகக் காட்டியது.

கண்ணுக்கே எட்டாத பொருளிலும் இந்த விதி செல்லும். 1932 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் கார்ல் ஆண்டர்சன், துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் கலத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள். நடுவில் கிடையாக ஒரு கருங்கோடு. அது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள காரீயத் தகடு. அதை ஊடுருவி மயிரிழை போன்ற ஒரு தடம் வளைந்து செல்கிறது. காந்தப்புலத்தில் துகளின் தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்பது அதன் மின்னேற்றத்தைக் காட்டும். ஆனால் துகள் மேலிருந்து வந்ததா, கீழிருந்து போனதா என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். தகடு அங்கே வைக்கப்பட்டது இதற்காகத்தான். தகட்டைத் துளைத்த துகள் வேகமிழக்கும். வேகமிழந்தால் தடம் இன்னும் இறுக்கமாக வளையும். படத்தில் தகட்டுக்கு மேலேதான் வளைவு இறுக்கமாக இருக்கிறது. ஆகவே துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. ஆகவே அதன் ஏற்றம் நேர்மின். புரோட்டானாக இருந்தால் இவ்வளவு தொலைவு ஓடியிருக்காது. மிச்சமிருந்தது ஒரே விடை: எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான். ஒரு தகடும் ஒரு வளைகோடுமாக, ஒரு தர்க்கம் முழுவதையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கிய படம் இது. 1936இல் ஆண்டர்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மறுப்பாக அழகின் பக்கம் பேசுபவர்கள் ஹப்பிளின் ‘படைப்பின் தூண்க’ளையும் அப்பல்லோ 8இன் பூமி உதயத்தையும் எடுத்துக்காட்டுவார்கள். அவை எந்தக் கேள்வியும் தெரியாதவரையும் பிடித்து நிறுத்தும் என்பது உண்மை. அழகு நம்மை நிற்கவைக்கிறது, நிலைக்கவைப்பது வேறொன்று. 1995 ஏப்ரலில் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் எடுத்த தூண்களின் படத்தில், அருகிலுள்ள இளம் விண்மீன்களின் புறஊதா ஒளி வாயு மேகத்தை அரித்துத் தின்பது தெரிகிறது. விளிம்பில் நிற்கும் சிறு முடிச்சுகள் அரிப்புக்குத் தப்பிய அடர்த்தியான பகுதிகள். விண்மீன் பிறக்கும் இடத்திலேயே அதன் வளர்ச்சியைத் தடுக்கும் வேலையும் நடக்கிறது என்று அந்தப் படம் கண்முன் நிறுத்தியது. பூமி உதயத்தின் வழக்கு இன்னும் தெளிவு. 1968 டிசம்பர் 24 அன்று நிலவைச் சுற்றிய விண்கலத்தின் பட அட்டவணையில் இருந்தது நிலவின் தரை. பூமி அதில் இல்லை. ஜன்னலில் பூமி எழுவதைக் கண்ட வில்லியம் ஆண்டர்ஸ் வண்ணச் சுருளைக் கேட்டு வாங்கி மாட்டி எடுத்தார். நிலவைப் பார்க்கப் போனவர்களுக்குப் பூமியே பார்வைப் பொருளாயிற்று. நிற்கும் இடம் என்று நாம் எண்ணியிருந்ததை வானில் மிதக்கும் பொருளாக மாற்றிய அந்தத் திருத்தத்தைவிடப் பெரிய திருத்தம் ஒளிப்பட வரலாற்றில் அபூர்வம்.

அடுத்த மறுப்பு கூர்மையானது: நிறமேற்றி, சீர்செய்து வெளியிடும் படத்தைச் சான்று என்பது தகுமா? தூண்களின் படத்தில் பச்சை ஹைட்ரஜனுக்கும், சிவப்பு கந்தகத்துக்கும், நீலம் ஆக்சிஜனுக்கும் ஒதுக்கப்பட்டவை. எம்87 வளையம் 1.3 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைகளிலிருந்து பெறப்பட்டது. ரேடியோ அலைக்கு நிறமே கிடையாது, அந்த ஆரஞ்சு மனிதர் தேர்ந்தது. ஆனால் இங்கே கேட்க வேண்டியது, மனிதக் கை பட்டதா என்பதைவிட, பட்ட கை எதை மாற்றியது என்பதே. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படமெடுத்த வில்சன் பென்ட்லி, படிகத்தைச் சுற்றியிருந்த பின்னணியை எதிர்ப்படத்தில் கத்தியால் சுரண்டி நீக்குவார். அதனால் விளிம்புகளின் துல்லியம் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் குஸ்தாவ் ஹெல்மான் சண்டைக்கு வந்தார். நிறம் ஒதுக்குவது அளந்ததைக் கண்ணுக்குப் பெயர்த்துத் தருவது. விளிம்பைச் சுரண்டுவது அளந்ததையே தொடுவது. கருந்துளைக் குழுவினர் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார்கள். நான்கு அணிகளாகப் பிரிந்து, ஒருவர் படத்தை ஒருவர் பாராமல் உருவாக்கினார்கள். வளையமே இல்லாத போலித் தரவுகளைக் கொடுத்து, நிரல் வளையத்தைத் தானே கற்பிக்கிறதா என்றும் சோதித்தார்கள். கணினி எந்த வளையத்தையும் நொடியில் வரைந்து தரும் இந்தக் காலத்தில், ஒரு படத்தின் மதிப்பு அது கடந்துவந்த சோதனைகளில்தான் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன். சான்றுதான் முக்கியம் என்றால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படத்தட்டுகள் ஏன் யார் நினைவிலும் இல்லை? 1904 முதல் வானம் திறந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்துவருகிறார்கள். நூறாண்டைத் தாண்டிய இத்தகைய தொடர் உலகில் மிகச் சில. சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை நெடுங்கால அளவில் ஆராய்பவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். ஆனால் அதில் ஒரு தட்டு இன்னொரு தட்டைப் போலவே இருக்கும்; திருத்தம் தனிப்படத்தில் இல்லை, தொடரில் இருக்கிறது. அந்த ஆய்வகத்திலிருந்தே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்கள் வேறு வகை: சூரியப் புள்ளியின் மேல் கோடுகள் சாய்ந்திருப்பதைக் கண்டு, வாயு அங்கே மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அவர் காட்டினார். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. நினைவில் நிற்பதும் பயன் தருவதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் விளக்க முயல்வது முன்னதை மட்டுமே.

நினைவில் நிற்கும் ஆற்றல் தவறான திசையிலும் வேலை செய்யும். 1965 ஏப்ரல் 30 ‘லைஃப்’ இதழில் லென்னார்ட் நீல்சன் வெளியிட்ட கருவளர்ச்சிப் படங்களை உலகம் கருப்பைக்குள் எடுத்த படங்களாகவே நம்பியது. அவற்றில் பெரும்பாலானவை அறுவை செய்து வெளியே எடுக்கப்பட்ட கருக்கள். இதழ் அதைச் சொல்லியும் இருந்தது. படம் போன இடமெல்லாம் அந்த வரி போகவில்லை. 2018இல் பிரிட்டனில் பரிசு பெற்ற டேவிட் நாட்லிங்கரின் படத்தில், 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே ஒற்றை ஸ்ட்ரோன்ஷியம் அணு புள்ளியாக ஒளிர்கிறது. அது லேசர் ஒளியை உறிஞ்சி உமிழும் வெளிச்சம், புள்ளியின் பருமன் அணுவின் பருமன் ஆகாது என்று கீழே எழுதாவிட்டால் படம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். நம் நாளிதழ்களும் பாடநூல்களும் அறிவியல் படங்களைப் பெரும்பாலும் இடம் நிரப்பும் அலங்காரமாகவே அச்சிடுகின்றன. படத்தின் அளவு என்ன, நிறம் யார் கொடுத்தது, இது எந்தக் கேள்விக்கு விடை என்ற மூன்று வரிகளை ஒவ்வொரு படத்தின் அடியிலும் போடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போடாத இதழை எழுதிக் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.