அசையும் வரிப்படமும் அறியும் உள்ளமும்

அசையும் பொருளை அசையும் படத்தாற் காட்டின் மாணாக்கர் எளிதில் உணர்வர் என்பது ஆசிரியர் பலர் ஐயமின்றிக் கொண்டுள்ள கருத்தாகும். இதனை 2002ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றில் பார்பரா ட்வேர்ஸ்கி, ஜூலி மொறிசன், மிரேய் பெற்றாங்கூர் என்னும் மூவர் வன்மையாக மறுத்தனர். அசையும் படத்துக்கு வெற்றி கூறிய ஆய்வுகளை அன்னோர் துருவி நோக்கினர். அவற்றுட் பலவற்றில், நிலைப்படத்திற் காணப்படாத நுண்படிகள் அசையும் படத்திற் சேர்க்கப்பட்டிருந்தன. ஒருவனுக்கு இரு நூலும் மற்றவனுக்கு ஒரு நூலும் கொடுத்துப் பரீட்சித்தல் போல்வது இது. இக்கண்டனம் முற்றும் நேரிது.

ஓடும் குதிரையை மாந்தர் நெடுங்காலம் கண்டிருந்தும், அது நிலத்தை விட்டெழும் கணத்தில் அதன் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருப்பதாகவே ஓவியர் பலர் தீட்டினர். 1878இல் மைப்றிட்ஜ் எடுத்த புகைப்படத் தொடரிலேயே அக்கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருத்தல் புலனாயிற்று. அசைவை அறிய அதனை நிறுத்த வேண்டியிருந்தது!

கப்பித் தொகுதி பற்றி மேரி ஹெகாட்டி 1992இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் ஆழமானது. கயிற்றை இழுத்தால் கப்பிகள் எவ்வாறு சுழலும் என நிலைப்படத்தை நோக்கி உய்த்துணர்வோர், இழுக்கப்பட்ட முனையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக மனத்தில் இயக்கிச் செல்கின்றனர். அசையும் படத்திலோ யாவும் ஒருங்கே சுழல்கின்றன. எது எதனை இயக்கிற்று என்பது கண்ணுக்கு அகப்படுவதில்லை. எம் வகுப்பில் அத்தகைய படமொன்றைக் காட்டியபோது எல்லோரும் தலையசைத்தனர். மூன்றாம் கப்பி எப்பக்கம் சுழலும் என வினவியபோது ஒருவரும் வாய் திறந்திலர்.

எனினும் மூவர் முடிவை எல்லாப் பாடங்களுக்கும் விரித்தல் பொருந்தாது. ஹொவ்லர், லொய்ட்னர் இருவரும் 26 ஆய்வுகளின் 76 ஒப்பீடுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட முடிவு, அசையும் படத்துக்கே ஓரளவு மேன்மை கூறுகின்றது. கையாற் செய்யும் செய்முறைகளில் அம்மேன்மை மிகுதி. முடிச்சிடக் கற்பிப்போர் இதனை எளிதில் ஒப்புவர்.

நிறுத்தியும் மீட்டும் பார்க்கும் வசதி குறையை நீக்கலாம் என அம்மூவர் கருதுவது எமக்கு முழுதும் உடன்பாடன்று. புதிதாகக் கற்போன் எவ்விடத்தில் நிறுத்துவான்? மலசலகூட நீர்த்தொட்டி பற்றி ஹெகாட்டியும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இயக்கத்தை முன்கூட்டி ஊகிக்கச் செய்தமை விளக்கத்தை வளர்த்தது. அதனைப் பின்பற்றி, கரும்பலகையிற் கப்பிகளை வரைந்து அம்புக்குறி இடுவித்த பின்னரே அடுத்த வகுப்புக்குப் படத்தைக் காட்டினோம். பிழையாக இட்டவர்களே மீண்டும் காட்டுமாறு கேட்டனர்.